போலி ரேட்டிங்கை வடிகட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிந்துரை அமைப்பு கற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எடுப்பது மூவிலென்ஸ் 100கே என்ற பட ரேட்டிங் டேட்டா. 943 பேர், 1,682 படங்கள், ஒரு லட்சம் ரேட்டிங். மாடல் ஓடும், எல்லாம் சரி. "யாராவது வேண்டுமென்றே பொய் ரேட்டிங் போட்டால் தாங்குமா?" என்று கேட்டதும்தான் தடுமாற்றம். காலி வரி, இரட்டைப் பதிவு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

ஊரோடு ஒத்துப்போகாதவரைத் தூக்குவது

இதைப் பார்த்தாலே எனக்கு இன்னமும் கடுப்பாகும். ஒருவர் எழுதிக் காட்டிய புரோகிராமில், சராசரியிலிருந்து அதிகம் விலகிய பயனர்கள் அத்தனை பேரும் அவுட்லையர், அதாவது கூட்டத்தோடு சேராதவர், என்று நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரின் ரேட்டிங்குகளைத் திறந்து பார்த்தோம். ஓடிய படங்களுக்கெல்லாம் 1, 2. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 5. இதில் என்ன மோசடி? அவர் ரசனை அப்படி.

ஏமாற்ற வருகிறவன் இப்படித் துருத்திக்கொண்டு நிற்க மாட்டான். இந்த டேட்டாவில் ஸ்டார் வார்ஸின் சராசரி 4.36. அவன் அதற்கு 4 போடுவான். இன்னும் பல படங்களுக்கு அதனதன் சராசரியை ஒட்டியே போட்டுவிட்டு, தூக்கிவிட வேண்டிய ஒரு படத்துக்கு மட்டும் 5. 'சராசரித் தாக்குதல்' என்பது இதுதான். பலரோடும் ஒத்துப்போவதால், ஒத்த ரசனைக்காரர்களைத் தேடும் மாடல் அவனையே முன்னால் நிறுத்தும். ஆக, அந்த வடிகட்டி வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டுத் திருடனை உள்ளே உட்காரவைக்கிறது.

தனி ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். போலிக் கணக்குகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி ஒத்திருக்கும். பிசிஏ (டேட்டாவின் முக்கியப் போக்குகளைப் பிரித்தெடுக்கும் கணக்கு முறை) வைத்து இப்படிக் கும்பலாகப் பிடிக்கும் முறையை ஆய்வாளர் மேத்தா குழுவினர் 2007-லேயே காட்டிவிட்டார்கள். சந்தேகம் வந்தாலும் உடனே அழிக்காதீர்கள், மாடலில் அந்த ரேட்டிங்குகளுக்குத் தரும் எடையைக் குறையுங்கள்.

ஆர்எம்எஸ்இ-யை மட்டும் நம்புவது

மாடல் கணிக்கும் ரேட்டிங் உண்மை ரேட்டிங்கிலிருந்து சராசரியாக எவ்வளவு தவறுகிறது என்பதன் அளவுதான் ஆர்எம்எஸ்இ. 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த போட்டி அதை 10% குறைக்கச் சொன்னது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் இருபது போலிக் கணக்குகள் நுழைந்தால் மொத்தப் பிழை அசையவே அசையாது. ஒரே ஒரு ரேட்டிங் பெற்ற படமோ தலைகீழாக மாறிவிடும். இந்த டேட்டாவில் அப்படி நூறு படங்களுக்கு மேல் உண்டு. நீங்களே போலிகளை உள்ளே விட்டு, அவை தூக்கிவிடும் படம் எத்தனை பேரின் முதல் பத்துப் பரிந்துரைக்குள் வருகிறது என்று எண்ணுங்கள்.

எல்லா முரணையும் சதி என்பது

ஒரு படத்துக்கு இன்று 3 போட்டவரே அடுத்த மாதம் அதற்கே 4 போடுவார். விடுங்கள்.

நேரத்தை நீக்குவது

ரேட்டிங் போட்ட நேரம், டேட்டா கோப்பின் நான்காவது நெடுவரிசை. ஒரே படத்துக்கு ஒரே மணி நேரத்தில் குவியும் 5-கள் அதில்தான் தெரியும்.