குளிப்பாட்டியும் போகாத வாடை

கோத்தகிரியில் போன டிசம்பர். அந்தக் குளிரில் பிள்ளையைத் தினமும் குளிப்பாட்ட மனசு வராது. அதனால்தான் மகள் மேல் வாடை என்று நினைத்தேன். ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி எல்லாம் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டினேன். துவட்டி முடிப்பதற்குள் அதே நாற்றம், செத்த எலி மாதிரி. தலையணை உறையிலும் அதுதான். மூன்று வயதில் வேர்வை இப்படி நாறாதே என்று அம்மாவும் பயந்தார்.

ஒரு ராத்திரி தோளில் தூங்கும்போது கவனித்தேன்: வலது மூக்கில் மட்டும் பச்சையாகச் சளி. இடது பக்கம் சுத்தமாக இருந்தது. ஜலதோஷம் என்றால் இரண்டிலும்தானே ஒழுகும்? முதலில் காட்டிய இடத்தில் சளி மருந்துதான் கொடுத்தார்கள். ஊட்டியில் காது மூக்கு தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, சின்ன இடுக்கியால் வெளியே எடுத்தார். மெத்தைக் கிழிசலில் பிய்த்து அவள் மூக்கில் திணித்துக்கொண்ட ஸ்பாஞ்ச். கடலைப்பருப்பு அளவு, கறுத்துப்போய். அந்த அறையே நாறியது. மூன்றாம் நாள் அவள் மேல் பழையபடி பால் வாசனை.

வீட்டில் ஊக்கு, பட்ஸ் வைத்து நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். உள்ளே இருப்பது பட்டன் பேட்டரியோ (பொம்மை, கடிகாரத்தில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி) என்று சந்தேகம் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்திலேயே மூக்கின் உள்சதையை அரித்துவிடும்.