ஆங்கில வாக்கியத்தில் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் (சொல் வகைகள்) கண்டுபிடிப்பது எப்படி?

சொல்லைப் பார்த்த உடனே ‘இது நவுன் (பெயர்ச்சொல்), இது வெர்ப் (வினைச்சொல்)’ என்று எழுதுவதால்தான் பரீட்சையில் மார்க் போகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இடத்துக்கு இடம் வேலை மாறும். அது இந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

‘தி டயர்டு ஃபிஷர்மென் சோல்டு தி கேட்ச் அட் காசிமேடு பிஃபோர் சன்ரைஸ்.’

1. முதலில் வெர்ப்

வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘டுமாரோ’ போட்டுப் பாருங்கள். எது மாறியே ஆக வேண்டும்? ‘சோல்டு’, ‘வில் செல்’ ஆகிறது. அதுதான் வெர்ப். ‘கேட்ச்’ அசையவில்லை, முன்னால் ‘தி’ வேறு நிற்கிறது. பிடிபட்ட மீனைச் சொல்லும் நவுன் அது. ‘தே கேட்ச் கிராப்ஸ் இன் எண்ணூர்’ என்றால் அதே சொல் வெர்ப்.

‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’ போன்றவற்றைப் பிரிக்காதீர்கள், மூன்றும் சேர்ந்து ஒரே வெர்ப். ‘இங்’ என்று முடிவதெல்லாம் வெர்ப்பும் இல்லை. ‘ஸ்விம்மிங் இஸ் ஈஸி’யில் காலத்தோடு மாறுவது ‘இஸ்’தான்; ‘ஸ்விம்மிங்’ நவுன் வேலை பார்க்கிறது.

2. நவுன், ப்ரோநவுன்

வெர்ப்பிடம் ‘யார்?’, ‘எதை?’ என்று கேளுங்கள். விற்றது யார்? ஃபிஷர்மென். எதை? கேட்ச். ‘அட்’, ‘பிஃபோர்’ இரண்டுக்கும் பின்னால் நிற்கும் காசிமேடு, சன்ரைஸ் ஆகியவையும் நவுன்கள். பெயருக்குப் பதிலாக ஹி, தே, இட் வந்தால் ப்ரோநவுன்.

3. அட்ஜெக்டிவ், அட்வெர்ப்

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நவுனைப் பற்றிச் சொன்னால் அட்ஜெக்டிவ். வெர்ப், அட்ஜெக்டிவ், இன்னொரு அட்வெர்ப் இவற்றைப் பற்றிச் சொன்னால் அட்வெர்ப். ‘டயர்டு’ மீனவர்களைப் பற்றிச் சொல்வதால் அட்ஜெக்டிவ். ‘லி’ என்ற முடிவை மட்டும் நம்ப வேண்டாம்: ‘ஃப்ரெண்ட்லி’ அட்ஜெக்டிவ், ‘தி பஸ் கோஸ் ஃபாஸ்ட்’டில் ‘லி’ இல்லாத ‘ஃபாஸ்ட்’ அட்வெர்ப்.

‘தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்’ வாக்கியத்தில் ‘பேட்’ தமிழில் ‘மோசமாக’ என்று வருவதால் பலர் அட்வெர்ப் என்று எழுதிவிடுகிறார்கள். வெர்ப்பை எடுத்துவிட்டு ‘இஸ்’ போடுங்கள். ‘தி ஃபிஷ் இஸ் பேட்’ பொருந்துகிறதே! அப்படியானால் ‘பேட்’ மீனைப் பற்றிச் சொல்லும் அட்ஜெக்டிவ்.

4. ப்ரிபொசிஷன், கன்ஜங்ஷன்

பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘பிஃபோர் சன்ரைஸ்’: நவுன் மட்டும், எனவே ப்ரிபொசிஷன். ‘பிஃபோர் தி சன் ரோஸ்’: தனி வெர்ப்போடு முழு வாக்கியமே வருகிறது, எனவே கன்ஜங்ஷன்.

உணர்ச்சியைக் காட்டும் இன்டர்ஜெக்ஷன் சுலபம்: ஓ, அலாஸ் வகையறா. (‘அலாஸ்’ இப்போது கேள்வித்தாளில்தான் உயிரோடு இருக்கிறது.) எ, ஆன், தி மூன்றையும் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சின் எட்டு வகைப் பட்டியலில் அட்ஜெக்டிவோடு சேர்ப்பார்கள்; புதிய இலக்கண நூல்களில் ‘டிடர்மினர்’ என்று தனியாக இருக்கும். உங்கள் பாடப்புத்தகம் சொல்வதை எழுதுங்கள்.

பயிற்சி

‘தி எண்ணூர் ட்ரெயின் வாஸ் லேட், ஸோ ஷி வாக்டு ஹோம் ஃப்ரம் கொருக்குப்பேட்டை.’

வெர்ப்: வாஸ், வாக்டு. ‘லேட்’, ரயிலைப் பற்றியது என்பதால் அட்ஜெக்டிவ். ‘ஸோ’ கன்ஜங்ஷன், ‘ஷி’ ப்ரோநவுன், ‘ஃப்ரம்’ ப்ரிபொசிஷன். ‘வெரி எண்ணூர்’ என்று சொல்ல முடியாது; ஆகவே ‘எண்ணூர்’ இன்னொரு நவுனுக்கு முன்னால் நிற்கும் நவுன். ‘ஹோம்’ எங்கே நடந்தாள் என்று சொல்கிறது, முன்னால் ‘டு’வும் இல்லை. அங்கே அது அட்வெர்ப்.