பூனை இருக்கும் வீட்டில் செடி வளர்ப்பது எப்படி? முதல் செடி வாங்குபவர்களுக்கு

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாமல் தின்றால் தொண்டை காறும். அதற்காகத்தான் புளி சேர்த்துச் சமைக்கிறோம். இதெல்லாம் தெரிந்திருந்த எனக்கு, வரவேற்பறையில் தொங்கிக்கொண்டிருந்த மணி பிளாண்டும் அதே குடும்பத்துச் செடி என்பது தெரியாமல் போயிற்று. எங்கள் பூனை மிளகு அதன் இலை ஒன்றைக் கடித்துவிட்டு, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிய, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நின்ற மாலையில்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல மீன் கேட்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் அந்த இரவு முழுக்கத் தூக்கமில்லை.

அதற்குப் பிறகு இருந்த செடிகளையெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கினேன். என்னுடையது சென்னையில் இரண்டாம் மாடிக் குடியிருப்பு. தோட்டம் கிடையாது, இரண்டு பூனைகள் உண்டு. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் ஜன்னலைப் பாருங்கள்

செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, பிறகு அதற்கு இடம் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நேர்மாறாகச் செய்யுங்கள். நண்பகலில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் நிறைய இருக்கிறது. மங்கலாக, கை என்று மட்டும் தெரிந்தால் நடுத்தர வெளிச்சம். நிழலே விழவில்லை என்றால் அங்கே படம் மாட்டலாம், செடி வேண்டாம். 'நிழலில் வளரும்' என்று விற்பனையாளர் சொல்வதற்கு, 'இருட்டில் மெதுவாகச் சாகும்' என்றுதான் பல நேரம் பொருள்.

கிழக்கு ஜன்னல் பூனைக்கும் செடிக்கும் ஒருசேரப் பிடித்த இடம். காலை வெயில் இலையைச் சுடாது. மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் இலையைக் கருக்கிவிடும், திரை போட்டால் சமாளிக்கலாம். வடக்கு ஜன்னலில் நேர் வெயிலே வராது என்று நம்பாதீர்கள். சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

2. பூனையை மனத்தில் வைத்துப் பெயர்ப் பட்டியல் போடுங்கள்

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. நர்சரியில் 'உள் செடி' என்று வரிசையாக வைத்திருப்பதில் பெரும்பங்கு கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கின் உறவினர்கள். மணி பிளாண்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, அக்லோனிமா, டைஃபென்பேக்கியா, ஆந்தூரியம், கலேடியம், இசட்இசட், பீஸ் லில்லி எல்லாமே ஒரே குடும்பம். இவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. கடித்த உடனே அவை வாயில் குத்துவதால் எச்சில் வடியும், நாக்கு வீங்கும், வாந்தி வரும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லை, வலி அதிகம். நம் கையில் அரித்ததே பூனையின் நாக்கிலும் அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டால் எளிதில் மறக்காது.

உயிரையே எடுப்பவை வேறு. முதலிடம் லில்லிக்கு. பூங்கொத்துகளில் வரும் பெரிய மணமுள்ள லில்லி, டே லில்லி ஆகிய இரண்டும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவை. இலையைத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். திருமண வரவேற்பில் கிடைத்த பூங்கொத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பீஸ் லில்லி உண்மையான லில்லி இல்லை, அது வாயைச் சுடும் கூட்டத்தைச் சேர்ந்தது. குளத்து அல்லிக்கும் இந்தச் சிறுநீரக நஞ்சுக்கும் தொடர்பில்லை.

அடுத்தது சைகஸ். வாசலில் அழகுக்காக வைக்கும் பனைபோன்ற செடி. எல்லாப் பகுதியும் நஞ்சு, விதை மிகமிக மோசம், ஈரலைத் தாக்கும். அரளியும் மஞ்சள் அரளியும் இதயத்தை நிறுத்துபவை என்பது ஊரறிந்த செய்தி. நம் மாநில மலரான செங்காந்தளை, அதாவது கண்வலிக் கிழங்கை, மாடித் தொட்டியில் ஆசையாக வளர்ப்பவர்கள் உண்டு. அதில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் மிக அதிகம். பூனை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது கூட்டம்தான் நம்மவர்களை வியக்கவைக்கும். சோற்றுக்கற்றாழையும் ஓமவல்லியும் நமக்கு மருந்து, பூனைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். நம் ஈரல் சிரமமின்றி உடைத்து வெளியேற்றும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் அப்படி உடைக்க முடிவதில்லை. 'பாட்டி வைத்தியச் செடிதானே' என்ற சமாதானம் அதனிடம் செல்லாது. ஸ்னேக் பிளாண்ட், சாமந்தி இரண்டும்கூட இந்த மிதமான தொல்லைப் பட்டியலில்தான் இருக்கின்றன. கையெட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஐந்தடி உயரத்தை ஒரே தாவலில் தொடும் விலங்குக்கு 'எட்டாத உயரம்' எது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என்னதான் வாங்குவது? நல்ல பட்டியலும் நீளமானதுதான். ஸ்பைடர் பிளாண்ட், அரிகா பாம், பாஸ்டன் ஃபெர்ன், பெப்பரோமியா, கலாத்தியா, ஹாவொர்த்தியா, போனிடெயில் பாம், ஹோயா. பால்கனியில் நல்ல வெயில் விழுந்தால் மல்லிகையும் வைக்கலாம். இவை பூனைக்கு நஞ்சில்லாதவை. ஆனால் எந்த இலையையும் வயிறு முட்டத் தின்றால் பூனை வாந்தி எடுக்கத்தான் செய்யும்.

ஒரே ஒரு செடிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஸ்பைடர் பிளாண்ட் வாங்குங்கள். நடுத்தர வெளிச்சம் போதும், இரண்டு நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, குட்டிகளை நீளமான காம்பில் தானே தொங்கவிடும். கலாத்தியா பார்க்க அழகு. சென்னையின் உப்புத் தண்ணீருக்கும் ஏசி அறையின் வறண்ட காற்றுக்கும் இலை ஓரம் கருகிப்போகும். முதல் செடியாக அதை வாங்கி மனம் உடைந்தவர்களில் நானும் ஒருத்தி.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி விற்றால் புன்னகைத்துக் கடந்துவிடுங்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. காற்றோட்டமுள்ள வீட்டில் நான்கு தொட்டிகள் அந்த வேலையைச் செய்யாது.

3. நர்சரியில் பார்க்க வேண்டியவை

பூத்துக் குலுங்குவதை விட்டுவிட்டு, புதுத் தளிர் விட்டிருப்பதை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, மெல்லிய வலையும் ஊசிமுனைப் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. இரண்டும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

பிறகு வெட்கப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: 'மண்ணில் குருணை மருந்து போட்டிருக்கிறீர்களா?' பூச்சியைக் கொல்ல மண்ணில் தூவும் அந்தக் குருணைகளில் சில பூனைக்கு மிகக் கொடிய நஞ்சு. தொட்டி மண்ணைக் கிளறும், பிறகு பாதத்தை நக்கும் விலங்கு அது. பதில் தயக்கமாக வந்தால் வேறு கடை பாருங்கள். எப்படியானாலும், கொண்டுவந்த செடியின் இலைகளைக் கழுவி, இரண்டு வாரம் பூனை போகாத குளியலறையிலோ பூட்டிய பால்கனியிலோ தனியாக வையுங்கள். ஒளிந்திருக்கும் பூச்சியும் அந்த நாட்களில் வெளியே தெரிந்துவிடும்.

4. தொட்டியும் மண்ணும்

அடியில் ஓட்டை இல்லாத தொட்டியை வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். பழைய தொட்டியைவிட ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகும். மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக், தினமும் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாதவர்களுக்கு மண்தொட்டி.

நான் கலப்பது: தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு. நார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

உரக்கடையில் புண்ணாக்கு வாங்கும்போது எதிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற நஞ்சு தங்கியிருக்கக்கூடும், நாயும் பூனையும் அதைத் தின்று இறப்பதுண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் வீட்டுச் செடிக்குத் தாராளம்.

5. தண்ணீர்

வீட்டுச் செடிகள் தாகத்தால் சாவதைவிட நம் பாசத்தால் சாவது அதிகம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். அத்தோடு கதை முடிந்தது. வாடியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியே வெளியேறும்வரை ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தட்டில் தண்ணீர் ஒரு வாரத்துக்குமேல் நின்றால் கொசு பொரிந்து வெளியேறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'வாரம் இருமுறை' போன்ற கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. மே மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்கும் அதே செடி, நவம்பர் மழையில் பத்து நாள் சும்மா இருக்கும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் ஸ்பைடர் பிளாண்டின் இலை நுனி பழுப்பாகும், மண்மேல் வெள்ளைப் படிவம் தெரியும். மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ பிடித்து ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

6. பூனையோடு ஓர் உடன்படிக்கை

பூனைக்குப் புல் தின்னும் ஆசை இயல்பானது. கடிக்க அதற்கென்று ஒன்று கொடுத்துவிட்டால் உங்கள் செடிகள் பாதி தப்பிக்கும். முளைப்பாரி போட்ட அனுபவம் இருந்தால் உங்களுக்குப் பாடமே வேண்டாம். கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, அகலமான சட்டியில் ஈர மண்மேல் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பார்கள், இதை வெளிச்சத்தில் வையுங்கள். பத்து நாளுக்குள் மேய்ச்சலுக்குத் தயார். மருந்து கலந்து விதை நேர்த்தி செய்த விதைக்கோதுமை வேண்டாம், மளிகைக் கடைக் கோதுமையே போதும்.

தொட்டி மண்ணைக் கழிவறையாக்கும் பூனையும் உண்டு. என் இரண்டாவது பூனை சீனி அப்படித்தான். எலுமிச்சைத் தோல், மிளகாய்த்தூள் என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். மிளகாய்த்தூள் கொடுமை, செய்யாதீர்கள். முட்டையளவு கூழாங்கற்களை மண்மேல் நெருக்கமாக அடுக்கினேன். தோண்ட இடமில்லாமல் நான்கே நாளில் தன் பெட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை. பிடுங்கிய வேரின் மணத்துக்குப் பூனை மயங்கிப் புரளும். தொட்டியில் தானே முளைத்தால் களைந்து வெளியே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதைத் தேடி தொட்டியையே கவிழ்த்துவிடும்.

7. இருந்தும் கடித்துவிட்டால்

வாயில் இருக்கும் துண்டை எடுத்து, ஈரத்துணியால் வாயைத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது தனி ஆபத்து. கடித்த செடியின் துண்டையோ படத்தையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மணி பிளாண்ட் வகை என்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். லில்லி, சைகஸ், அரளி, செங்காந்தள் என்றால், பூனை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்புங்கள். லில்லியைப் பொறுத்தவரை 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்குவதில்தான் பிழைப்பு இருக்கிறது.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்த ஊரானாலும், இரவில் யார் பார்ப்பார்கள் என்பதைத் தேவை வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு செடியின் தாவரவியல் பெயரும், மருத்துவரின் எண்ணும், இரவு எண்ணும் அதில் உண்டு. புதுச்செடி வந்தால் தொட்டிக்குப் போகும் முன் அதன் பெயர் அந்தத் தாளில் ஏற வேண்டும். பெயர் தெரியாத செடி வாசலைத் தாண்டி உள்ளே வராது.