ஸ்னோ குளோபுக்குள் என்ன ஊற்றுவது? ஜிகினா நிதானமாக இறங்குவதற்கான கலவை

பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டுக்கும் நவராத்திரி கொலுவுக்கும் நான் ஸ்னோ குளோப் செய்து கொடுக்கிறேன். திரவத்துக்குள் ஒரு பொம்மை, குலுக்கினால் அதன்மேல் ஜிகினா பனிபோல இறங்கும் கண்ணாடிப் பாட்டில்தான் அது. வீடு திருச்சியில், மாடிப் போர்ஷன். சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஒரு பாட்டில் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் கிளிசரின்" என்று பலரும் சொல்லும் அளவு நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் போதாது. பாட்டிலைக் குலுக்கிக் கீழே வைப்பதற்குள் ஜிகினா எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் குலுக்கிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது.

ஜிகினா மெதுவாக இறங்க இரண்டு விஷயம் கைகொடுக்கின்றன. ஒன்று திரவத்தின் கெட்டித்தன்மை, இன்னொன்று அதன் அடர்த்தி. கடையில் கிடைக்கும் நல்ல ஜிகினா பாலியெஸ்டர் படலத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிச் செய்தது. அதன் அடர்த்தி சுமார் 1.38. தண்ணீருக்கு 1, சுத்தமான கிளிசரினுக்கு 1.26. அதனால் கிளிசரின் சேரச் சேரத் திரவம் கெட்டியாவதோடு, ஜிகினாவுக்கும் திரவத்துக்கும் உள்ள எடை வித்தியாசமும் குறைகிறது. இரண்டும் ஒரே பக்கம் வேலை செய்வதால்தான் கிளிசரினுக்கு இந்த வேலையில் இவ்வளவு மதிப்பு.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கிளிசரினைக் கூட்டிக்கொண்டே போனால் கெட்டித்தன்மை ஒரே சீராகக் கூடுவதில்லை. 30 டிகிரி வெப்பத்தில், எடைக் கணக்கில் கால் பங்கு கிளிசரின் சேர்த்த தண்ணீர், வெறும் தண்ணீரைவிட இரண்டு மடங்குதான் கெட்டி. பாதிக்குப் பாதி என்றால் ஐந்து மடங்கு. 70 சதவீதத்தில் பதினேழு மடங்குக்கு மேல், 80 சதவீதத்தில் நாற்பது மடங்குக்கு மேல். அதாவது ஆரம்பத்தில் நாலு ஸ்பூன் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாதியைத் தாண்டிய பிறகு ஒரு ஸ்பூன் கூட்டினாலே கண்ணுக்குத் தெரியும். அதனால் பாதிக்குப் பாதியில் ஆரம்பித்து மேலே போவதுதான் சரி என்பது என் கட்சி. ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கீழேயிருந்து ஏறி வருவது பொழுதை வீணாக்கும்.

வெயில் சங்கதியும் இதில்தான் வருகிறது. சுத்தமான கிளிசரின் 20 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் பாதிகூட 30 டிகிரியில் இருக்காது. கலவையிலும் அப்படித்தான், இளகல் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. மார்கழிக் காலையில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கலவை, கத்திரி வெயிலில் மடமடவென்று இறங்கும். எனவே கலவையை எப்போதும் வெயில் நேரத்தில், அறையின் சூட்டிலேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள். குளிர்ந்த வேளையில் அது இன்னும் மெதுவாக இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

அளவு சொல்கிறேன். சமையலறைத் தராசில் எடை போட்டுக் கலப்பதுதான் சுலபம், துல்லியமும்கூட. 250 மில்லி பிடிக்கும் ஜாம் பாட்டிலுக்குப் பாதிக்குப் பாதி என்றால் கிளிசரின் 140 கிராம், தண்ணீர் 140 கிராம். பொம்மை அடைக்கும் இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மீறும், எடுத்து வையுங்கள், டாப் அப் செய்ய உதவும். கோடையில் கொடுக்கும் பரிசுகளுக்கு நான் 70க்கு 30 போகிறேன். அதே பாட்டிலுக்குக் கிளிசரின் சுமார் 205 கிராம், தண்ணீர் 90 கிராம். அதற்கு மேல் போனால் ஜிகினா பல நிமிஷம் அந்தரத்திலேயே நின்று உள்ளே இருக்கும் பொம்மையை மறைக்கும். குழந்தையைச் சாந்தப்படுத்தச் செய்யும் பாட்டிலுக்கு அது நல்லது, ஸ்னோ குளோபுக்கு வேண்டாம்.

கிளிசரின் மருந்துக் கடையில் சிறு பாட்டில்களில் கிடைக்கும். லேபிளில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரம்) என்று இருப்பதை வாங்குங்கள். ரோஸ் வாட்டர் கலந்தது, வாசனை சேர்த்தது வேண்டாம். பத்து இருபது பாட்டில் செய்கிறீர்கள் என்றால் ரசாயனக் கடையில் லிட்டர் கணக்கில் வாங்குவது கட்டுப்படியாகும்.

தண்ணீர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. போர் தண்ணீர் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு நாளாவட்டத்தில் கண்ணாடியில் மங்கலாகப் படியும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் விற்கிறார்கள். அங்கேயே ஆசிடும் விற்பார்கள் என்பதால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கலக்கும்போது கிளிசரினைத்தான் கவனிக்க வேண்டும். தண்ணீரில் ஊற்றியதும் அது நேராக அடிக்குப் போய்விடும். மெதுவாகக் கிண்டினால் தண்ணீருக்குள் இழை இழையாக ஏதோ நெளிவது தெரியும். இரண்டும் இன்னும் ஒன்றுசேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, ஓர் இழைகூடக் கண்ணில் படாமல் போகும்வரை கிண்டுங்கள். முட்டை அடிப்பதுபோல அடிக்கக் கூடாது, காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்ளும். கிளிசரின் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இளகி எளிதாகக் கலக்கும். கலந்ததை மூடி ஒரு ராத்திரி விட்டுவிட்டால் மிச்சக் குமிழும் மேலே வந்து போய்விடும்.

அடுத்தது சோப்பு. பொடி ஜிகினாவை அப்படியே தூவினால் பாதி மூழ்காது, மேலே பாலாடை மாதிரி மினுமினுவென்று படர்ந்து நிற்கும். எவ்வளவு குலுக்கினாலும் அந்தப் படலம் உடைந்து உடைந்து திரும்ப ஒன்றுசேரும். திரவத்தின் பரப்பு இழுவிசைதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் கலவையை எடுத்து, அதில் ஜிகினாவைப் போடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விடில் பல் குத்தும் குச்சியின் முனையை நனைத்து அந்தக் கிண்ணத்தில் தொடுங்கள். தொட்ட இடத்திலிருந்து ஜிகினா சட்டென்று விலகி ஓடி, ஒவ்வொன்றாக முங்க ஆரம்பிக்கும். பிறகு அந்தக் கிண்ணத்தில் உள்ளதைப் பாட்டிலில் சேருங்கள். சோப்பு இவ்வளவுதான். சொட்டுக் கணக்கில் ஊற்றினால் குலுக்கும்போதெல்லாம் நுரை கட்டும்.

எந்தத் திரவமானாலும் ஜிகினாவின் அளவு பாதி வேலையைச் செய்யும். பெரிய துண்டும் நட்சத்திரமும் சீக்கிரம் இறங்கும், பொடி மிதந்து மிதந்து வரும். நான் பொடி வெள்ளியோடு கொஞ்சம் பெரிய தங்க நிறத்தைச் சேர்ப்பேன். தங்கம் முதலில் இறங்க, வெள்ளி பின்னாலேயே தாமதமாக வரும். அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வியன்னாவில் 1900 வாக்கில் எர்வின் பெர்சி என்ற அறுவைச் சிகிச்சைக் கருவி செய்பவர், விளக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதற்காகத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைக்குள் ரவையைப் போட்டுப் பார்த்தார். அது மெல்ல இறங்கியதைப் பார்த்துப் பனிப்பொழிவு நினைவுக்கு வர, அங்கிருந்துதான் அவருடைய ஸ்னோ குளோப் பிறந்தது. அவர் குடும்பம் இன்றும் வியன்னாவில் அதைச் செய்கிறது. உள்ளே பெய்யும் பனி எதனால் ஆனது என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. துகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

மலிவான ஜிகினா சில சமயம் சாயம் விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டு ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் தண்ணீர் நிறம் மாறியிருந்தால் அந்தப் பாக்கெட் காகிதக் கைவேலைக்குத்தான் லாயக்கு.

சரி, கிளிசரினுக்குப் பதில் வேறு எதுவும் ஆகாதா? ஆகும், உள்ளே வைக்கும் பொருளைப் பொறுத்து. இரும்புக் கம்பி, சின்னச் சாவி, சைக்கிள் பொம்மை மாதிரித் துருப்பிடிக்கும் பொருள் என்றால் லிக்விட் பாரஃபின் அல்லது பேபி ஆயில் நல்லது. துரு வராது, பாசி பிடிக்காது, ஜிகினா மேலே படர்ந்து நிற்பதும் குறைவு. பேபி ஆயில் இளசாக இருப்பதால் ஜிகினா வேகமாக இறங்கும், மருந்துக் கடையில் கிடைக்கும் கனமான லிக்விட் பாரஃபினில் நிதானம் கிடைக்கும். ஆனால் பாட்டில், மூடி, பொம்மை எல்லாம் ஈரமே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருந்தாலும் அது அடியில் தனி முத்தாக உருண்டுகொண்டே இருக்கும், ஜிகினாவும் போய் அதில் ஒட்டும். மூடியிலுள்ள ரப்பர் வளையம் எண்ணெயில் ஊறி உப்பலாம், ஹாட் குளூவும் விட்டுப்போகும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு எண்ணெய்ப் பாட்டில் நான் கொடுப்பதில்லை. உடைந்து வாயில் போய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து.

சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகத் தெரிவதோடு நாளடைவில் காறலும் அடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். சர்க்கரைப் பாகு கெட்டியாக இருக்கும், பார்க்கவும் அழகுதான். ஆனால் மூடியில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் எறும்பு வரிசை கட்டும், உள்ளே புளிக்கவும் செய்யும். தெளிந்த ஸ்கூல் கம்மை மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பதும் ஒரு வழி. குழந்தைகளோடு ஒரு மதியம் செய்து விளையாட நன்றாக இருக்கும், மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும் பொருளுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை பாலாகக் கலங்கிவிடும். காருக்கு ஊற்றும் கூலன்டை யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், குழந்தைக்கும் பூனைக்கும் அது தெரியாது.

கொலுவுக்குச் செய்கிறவர்கள் மண் பொம்மையையோ காகிதக்கூழ் பொம்மையையோ உள்ளே வைக்காதீர்கள். திரவத்தில் ஊறிச் சாயம் போய்விடும், கரையவும் செய்யலாம். பிளாஸ்டிக், கண்ணாடி, கிளேஸ் போட்ட பீங்கான் தாங்கும். பொம்மையை மூடியில் ஒட்ட அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலந்து பூசும் பசையைப் பயன்படுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஃபெவிகுவிக் வகைப் பசை தண்ணீரில் நாள்பட நிற்காது, பொம்மையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தும் போகும்.

முழுப் பாட்டிலை நிரப்புவதற்கு முன் ஒரு சின்ன மருந்துக் குப்பியில் சோதித்துவிடுங்கள். கழுவிக் காய்ந்த குப்பியில் முக்கால் வாசி கலவை, ஒரு சிட்டிகை ஜிகினா, குலுக்கு. நிதானமாக முப்பது எண்ணும்போது பெரும்பாலான ஜிகினா இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் எனக்குத் திருப்தி. வேகமாக இறங்கினால் கிளிசரின் கொஞ்சம் கூட்டுங்கள், பொம்மையை மறைக்கும் அளவுக்கு நின்றால் தண்ணீர் விடுங்கள். குப்பி உயரம் குறைவு, பெரிய பாட்டிலில் இன்னும் நேரம் எடுக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிசரின் கலவையில் பாசி, பூஞ்சணம் வராமல் இருக்கச் சுத்தம்தான் முதல் மருந்து. பாட்டிலைப் பத்து நிமிஷம் கொதிக்க வையுங்கள், பொம்மையையும் மூடியையும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள், திரவத்தில் விரலை விடாதீர்கள். ஸ்குவாஷுக்குப் போடும் சோடியம் பென்சோயேட்டைச் சிலர் சொல்வார்கள். அது புளிப்புள்ள திரவத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும், புளிப்புக்காக எலுமிச்சை உப்பைச் சேர்த்தால் ஜிகினாவின் மேலுள்ள அலுமினியப் பூச்சு மங்கலாம். கிளிசரினை 70 சதவீதம் வரை கொண்டுபோனால் அதுவே கிருமி வளர்வதை நன்றாகத் தடுக்கும்.

நிரப்பும்போது பாட்டிலின் உட்சுவரோரமாக ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பி ஒரு குமிழ்கூட இல்லாமல் மூட ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 250 மில்லி கலவை ஒன்றரை மில்லி அளவுக்கு விரியும். அதற்கு இடமில்லை என்றால் மூடி வழியாகக் கசியும். சின்ன உளுந்து வடை அளவு குமிழ் எல்லாம் வேண்டாம், ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு இடம் விட்டால் போதும்.

மூடுவதற்கு முன், பாட்டில் மரையை நன்றாகத் துடைத்துவிட்டு, பிளம்பர் வைத்திருக்கும் டெஃப்லான் டேப்பை மூடி திருகும் திசையிலேயே மூன்று சுற்று சுற்றுங்கள். இறுக்கித் திருகி, தலைகீழாக ஒரு பழைய செய்தித்தாள் மேல் ஒரு நாள் வையுங்கள். காகிதத்தில் ஈர வட்டம் தெரிந்தால் திறந்து டேப்பை மாற்றலாம். ஈரமே இல்லையென்றால் வெளி விளிம்பில் சிலிக்கான் சீலன்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

பரிசாகக் கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள்: நேர் வெயில் படும் ஜன்னலில் வைக்கக் கூடாது. திரவம் நிறைந்த உருண்டைக் கண்ணாடி லென்ஸாகி வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும், பக்கத்தில் திரையோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கும். அதே போல, சோதனைக்குக் கலந்து மிஞ்சியதை சிங்க்கில் கொட்டாதீர்கள். ஜிகினா பிளாஸ்டிக், சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போனால் மட்காது. பழைய வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டினால் ஜிகினா துணியிலேயே நின்றுவிடும். கிளிசரின் போகத் தண்ணீர் ஊற்றி அலசி, காய்ந்ததும் உதறி எடுத்து வைத்தால் அடுத்த பாட்டிலுக்கு ஆகும்.