ஃபாதம் என்றால் நம் பாகம்தான்: கயிற்றால் கடலாழம் அளப்பது எப்படி?

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கும் என் அக்கா மகன் கப்பல் வேலைக்குப் படிக்கிறான். "மாமா, ஃபாதம்னா என்ன?" என்று கேட்டான். சசூன் டாக்கில் விசைப்படகுக்குப் போகும் தூத்துக்குடிச் சித்தப்பா பக்கத்தில்தான் இருந்தார். "நம்ம பாகம்தாம்லே அது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

சரி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுசாக நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை ஒரு பாகம். ஃபாதம் என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளைத்தான் குறித்தது. பிறகு அதை 6 அடி என்று நிலைப்படுத்தினார்கள், மீட்டரில் 1.8288. மனக்கணக்குக்கு ஒரு வழி: பாகத்தை இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 10 பாகம் என்றால் 20, அதில் 2 போக 18 மீட்டர். சரியான அளவு 18.29. விடை கொஞ்சம் குறைந்தே வருவதால் படகுக்கு ஆபத்தில்லை.

இப்போது கயிறு. நீட்டினால் இழுபடாத பருத்திக் கயிறும், ஒரு கிலோ அளவில் ஈயக்குண்டும் போதும். சித்தப்பா கையாலேயே பாகம் போட்டு அளந்துவிடுவார். நீங்கள் டேப்பை வைத்து 6 அடிக்கு ஒரு குறி போடுங்கள். ஒருவர் கைவீச்சு ஏறக்குறைய அவர் உயரம்தான். 5 அடி 5 அங்குல ஆள் கையால் பத்துப் பாகம் அளந்தால், கிட்டத்தட்ட ஒரு பாகம் குறைந்துவிடும்.

குறி போடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பழைய மாலுமிகள் 2 பாகத்தில் இரண்டு தோல் வார், 3-இல் மூன்று வார், 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி, 10-இல் ஓட்டை போட்ட தோல் என்று கட்டினார்கள். ஒவ்வொன்றும் தொட்டால் வேறு வேறாக இருக்கும். கும்மிருட்டில் விரலே ஆழத்தைப் படித்துவிடும்! 4, 6, 8, 9 பாகங்களுக்குக் குறியே கிடையாது, அடுத்தடுத்த குறிகளை வைத்து மதிப்பிட வேண்டும். மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிய எழுத்தாளர் சாமுவேல் கிளெமென்ஸ் 'மார்க் ட்வைன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அது இந்த இரண்டு பாகக் குறிதான்.

அப்புறம் குண்டின் அடியில் சின்னக் குழி செய்து கிரீஸ் அடையுங்கள். அந்தக் காலத்தில் கொழுப்பை அடைத்தார்கள். அடியில் இருப்பது சேறா, மணலா, சிப்பித் தூளா என்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். நங்கூரம் எங்கே பிடிக்கும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

தெரிந்த படகுக்காரரிடம் கேட்டு, நிற்கும் படகிலிருந்து குண்டை மெல்ல இறக்குங்கள். தரையைத் தொட்டதும் கயிறு தளரும். அதை நேராக நிற்கும்படி இழுத்துப் பிடித்து, நீர் மட்டத்தில் நிற்கும் குறியைப் படியுங்கள். ஆழம் பார்ப்பது இவ்வளவுதான். ஒருவர் மனதை அறிய முயல்வதையும் தமிழில் ஆழம் பார்ப்பது என்கிறோம். ஆங்கிலத்திலும் ஃபாதமே வினைச்சொல்லாகிப் புரிந்துகொள்வதைக் குறிக்கிறது.

கடல் வரைபடம் படிக்கும்போது ஓரத்தில் அலகு என்ன என்று முதலில் பாருங்கள். 5 என்ற எண் மீட்டரில் 16 அடி, பாகத்தில் 30 அடி. மாற்றிப் படித்தால் கப்பல் தரை தட்டும்.

மும்பையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தூத்துக்குடியில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குள்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கும் மேல் போகும்; அதாவது இரண்டு பாகத்துக்கும் மேலே. மதியம் 5 பாகம் காட்டிய அதே இடம் மாலையில் 3 பாகம் காட்டலாம். அதனால் ஆழத்தை எழுதும்போது தேதியையும் மணியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.