உப்புக்காற்றில் பழைய பைக்: ராமநாதபுரக் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய யெஸ்டியையோ ராஜ்தூத்தையோ மீட்டெடுத்து மணலிலும் மண்வழியிலும் ஓட்டச் சொல்லித் தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை கடலைப் பார்க்காத ஊர்ப் பட்டறைகளில் பிறந்தவை. அவற்றை அப்படியே மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பின்பற்றினால், பளபளப்பாக வெளியே வந்த வண்டி இரண்டு மழைக்காலத்துக்குள் பழுப்பேறி நிற்கும். இந்தக் கரையில் வண்டியைக் கெடுப்பது முதலில் உப்பு, அடுத்து மணல். ஓடித் தேய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த வேலையைத் தொடங்கும்போதும் அந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

கரடுமுரடான வழிகளுக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் அந்தக் காலத்தில் நம்மூரில் கிடைப்பது அரிது. சாலை வண்டியைத்தான் மாற்றி ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்கும் அதற்கான உறுதி இருந்தது. 1948-இல் இத்தாலியில் கரடுமுரடான வழிகளில் நடந்த சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் புல்லட்டின் முன்மாதிரிகள் தங்கப் பதக்கம் பெற்றன. ஜாவாவில் ஓடிய செக்கோஸ்லோவாக்கியா அணி 1970-களில் அதே போட்டியைப் பலமுறை வென்றது. அந்தக் குடும்பத்து வண்டிகள்தான் 1961 முதல் 1996 வரை மைசூரில் ஜாவா, யெஸ்டி என்ற பெயர்களில் உருவாயின. ராஜ்தூத் 175, போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழி வந்தது. மணலிலும் கண்மாய் வழியிலும் போவதற்கு இவற்றின் எலும்புக்கூட்டை வெட்டி ஒட்ட வேண்டிய தேவையே இல்லை.

கட்டரை எடுப்பதற்கு முன் ஆர்.சி.

பலர் செய்யும் முதல் தவறு, வண்டி வந்த அன்றே பின்பக்கச் சட்டத்தை (ஃபிரேமை) வெட்டுவது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகள் வகுத்தது. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்த விதி பொருந்தும். சட்டத்தை வெட்டிவிட்டால் அந்தக் கதவு அடைபடும். சரி, தொன்மை வாகனமாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்று 20,000 ரூபாய் கட்டுபவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 10 ஆண்டு செல்லும் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். வாரந்தோறும் ஓட்டும் ஆசை இருந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே நல்லது.

சட்டத்தை மணல் பீய்ச்சித் துருநீக்கும் பட்டறைக்கு அனுப்பும்போது சேசிஸ் எண் இருக்கும் இடத்தை ஒட்டுநாடாவால் மூடி அனுப்புங்கள். மணலின் வேகத்தில் எண் மங்கிவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படும் பாடு பெரிது.

அந்தப் பட்டறை என்ன மணலைப் பீய்ச்சுகிறது என்பதையும் கேளுங்கள். கடற்கரை மணல் என்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். அதிலுள்ள உப்பு இரும்பின் பரப்பிலேயே பதிந்து, மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து கொப்புளமாக வெடிக்கும். அந்தத் தூசி வேலை செய்பவரின் நுரையீரலையும் அரிக்கும். துருநீக்கிய இரும்புக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்தாக வேண்டும். இங்கே ஓர் இரவு வெறும் இரும்பாகக் கிடந்தாலே மஞ்சள் பூத்துவிடும். என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸை மட்டும் மணல் வேலைக்கு அனுப்பவே கூடாது. ஆயில் வழிகளில் ஒளிந்த ஒரு சிட்டிகை மணல் பெயரிங்கை முடித்துவிடும்.

உப்பு எப்படி வேலை செய்கிறது

மழையில் நனையாத வண்டி ஏன் துருப்பிடிக்கிறது என்று பலருக்கும் வியப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். நம் கரையில் இரவில் அந்த அளவு எளிதாக எட்டிவிடுகிறது. அப்படியென்றால் பகலில் வண்டிமேல் படிந்த உப்புத்தூள், இரவெல்லாம் மெல்லிய உப்புநீர்ப் படலமாக உலோகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காலையில் காய்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைப் புரிந்துகொண்டால், பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும். தார்ப்பாய் உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்கிறது. நான்கு சுவரும் காற்றோட்டமும் உள்ள அறையில் பருத்தித் துணி போர்த்தி நிறுத்துவதே சரி. கொட்டகை போடுபவர்கள் காற்றின் திசையைப் பாருங்கள். ஏர்வாடி, கீழக்கரை, வாலிநோக்கம் என மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்குச் சோளகக் காற்று உப்பைக் கொண்டுவரும். தேவிபட்டினம், தொண்டி என பாக் விரிகுடாப் பக்கத்தவர்களுக்கு வாடைக்காற்று. வாசலை அந்தக் காற்று வரும் திசையைப் பார்த்து வைக்கக் கூடாது. பாம்பன் தீவில் இருப்பவர்களுக்கு இரண்டு காற்றும் உண்டு. அவர்களுக்கு மூடிய அறைதான் வழி.

கழுவும் தண்ணீர் இன்னொரு பொறி. கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்து, வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரால் நன்றாகக் கழுவிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் ஏராளம். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் அந்த நீரே உவர். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, சேமித்த மழைநீரோ ஒரு வாளி போதும். துணியை நனைத்துத் துடைத்து, கடைசியாக அந்த நீரால் அலசிவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் பம்பைச் சக்கரப் பெயரிங், ஹேண்டில் பெயரிங், டிரம் பிரேக் பக்கம் காட்ட வேண்டாம். பழைய வண்டிகளில் அந்த இடங்களின் சீல்கள் இக்காலத்தவை போன்றவை அல்ல. பீய்ச்சிய நீர் உள்ளே போய்க் கிரீஸை வெளியேற்றிவிட்டு அங்கேயே தங்கும்.

துருப்பிடிக்காது என்று நம்பி எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுவது, செலவு செய்து வாங்கும் தவறு. அலுமினியக் கிராங்க் கேஸில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வெறுமனே முடுக்கினால், உப்புநீர் நடுவில் நின்று இரண்டு உலோகங்களையும் மின்கலமாக்கிவிடுகிறது. அரிக்கப்படுவது அலுமினியம். சில ஆண்டுகள் கழித்துக் கழற்றும்போது போல்ட்டு புதிதுபோல வரும், கூடவே மரையும் பொடியாகக் கொட்டும். மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவாமல் ஒரு போல்ட்டையும் போடாதீர்கள். பசை கிடைக்காவிட்டால் துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண போல்ட்டே மேல். பாம்பன், மண்டபத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் மெக்கானிக்குகளிடம் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பைக் பட்டறைகள் பலவற்றைவிட அவர்களுக்கு உப்பைத் தெரியும்.

வயரிங்கில் இணைப்புகள் பச்சைக் களிம்பு பிடிப்பதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம். எர்த் இணைப்பைச் சுரண்டி, மின்கிரீஸ் தடவி முடுக்குங்கள். காயிலை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

பெட்ரோல் இப்போது அதே பெட்ரோல் இல்லை

இந்த வண்டிகளின் கார்பரேட்டர் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பம்பில் எத்தனால் இல்லை. இப்போது 20 சதவீதம் கலந்து வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளையில்) காற்று-பெட்ரோல் கலவை மெலிந்து, என்ஜின் கூடுதலாகச் சூடேறும். காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், இரண்டாம் கியரில் மணலில் உழலும்போது அந்தச் சூடு பிஸ்டனைப் பிடிக்க வைத்துவிடும். மெயின் ஜெட்டை ஓர் எண் பெரிதாக்கி ஓட்டி, பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் போதவில்லை. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது முதல் நாள் வேலை.

இந்தக் கரைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க்கை இரண்டு மாதம் உப்புக்காற்றில் நிறுத்தினால், சேர்ந்த நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கலாம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் யெஸ்டி, ராஜ்தூத் போன்ற வண்டிகளில் ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். கார்பரேட்டருக்கு முதலில் இறங்குவது அடியில் இருக்கும் ஆயிலில்லா நீர்க்கலவை. அதோடு கிளம்பினால் சிலிண்டருக்கு மசகே கிடையாது. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் முழுக்க வடித்து, டேங்க்கின் உட்புறம் ஆயில் படரும்படி குலுக்கி வையுங்கள்.

நெடுநாள் நின்ற வண்டியை வாங்கியவுடன் கிக்கரை உதைப்பதும் கூடாது. கிராங்க் பெயரிங்கில் துரு இருந்தால் முதல் உதையே அதைக் குதறும். பிளக்கைக் கழற்றி, சிறிது ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். கிராங்க் ஆயில் சீல்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இறுகிப்போன சீல் வழியாகக் காற்று நுழைந்தால், ஜெட்டை எவ்வளவு மாற்றினாலும் கலவை சரிப்படாது. விலை குறைந்த இந்தச் சீலைச் சேமிக்கப் போய்ச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வரை போனவர்கள் பலர்.

மணலில்

சத்தம் நன்றாக வருகிறது என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிவதை நான் மன்னிக்க மாட்டேன். நம் கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ், சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. சோளகக் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையில் போனால் மணல் தாரின்மேல் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை நேராகச் சிலிண்டருக்குள் விட்டால் பிஸ்டன் ரிங் ஒரு பருவம் தாங்காது. ஆயில் நனைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பிறகும் கழுவுங்கள். செயினுக்குக் கெட்டி கிரீஸ் அப்பும் பழக்கத்தையும் விடுங்கள். கிரீஸும் மணலும் சேர்ந்த செயின் உப்புத்தாள்போல் பல்சக்கரத்தைத் தேய்க்கும். மெல்லிய ஆயிலைத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுவது போதும்.

காற்றழுத்தத்தைக் குறைக்காமல் மணலில் இறங்கினால் சக்கரம் தோண்டிக்கொண்டு புதையும். 14, 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கலாம். ஆனால் அந்த அழுத்தத்தில் டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும் என்பதால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இருக்க வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் ஏற்றுங்கள். தளர்ந்த டயரோடு, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்றை எதிர்கொள்வது விபரீதம். மணலில் உடலைப் பின்னே சாய்த்து, ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடித்து, தொலைவில் பார்த்து ஓட்டுங்கள். முன்பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள். உவர் நிலத்தில் மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும் பொருக்கை நம்பாதீர்கள். அடியில் சேறு இருக்கும், உப்பும் இருக்கும்.

எங்கே ஓட்டுவது என்பதில் உறுதியாகவே சொல்கிறேன்: அலை தொடும் கரையில் வேண்டாம். ஆண்டின் தொடக்க மாதங்களில் சிற்றாமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) தனுஷ்கோடிக் கரையேறி முட்டையிடுகின்றன. சக்கரம் அழுத்திய மணலிலிருந்து குஞ்சு மேலே வர முடியாது. 2025-இல் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கரைவலை இழுக்கும் ஊர்களில் கயிறு மணலுக்குக் குறுக்கே தரையோடு கிடக்கும். அந்த வலை ஒரு குடும்பத்தின் சோறு, அந்தக் கயிறு ஓட்டுபவரின் கழுத்துக்கும் ஆபத்து. இந்த வண்டிகளுக்கு ஏற்ற வழி உள்ளே இருக்கிறது. பனங்காட்டு வண்டிப்பாதைகளும் கோடையில் வறண்ட கண்மாய்களை ஒட்டிய தடங்களும் போதுமானவை. கண்மாய்க் கரையின்மேல் மட்டும் ஏற்றாதீர்கள், தடம் பதிந்த இடத்தில்தான் மழைக்காலத்தில் கரை உடையத் தொடங்கும்.

அங்கே தொல்லை தருவது சீமைக் கருவேல முள். பழைமை மாறக் கூடாது என்று பத்தாண்டுக்கு முந்தைய டயரை வைத்திருப்பவர்கள் இந்த முள்ளுக்கு முதலில் பலியாவார்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கமாகத் தயாரான வாரமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள், கனமான டியூப் போடுங்கள், மாற்று டியூபும் கைப்பம்பும் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஐப்பசிக்குப் பிறகு கண்மாய்க் களிமண் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மட்கார்டை இரண்டு விரல் உயர்த்திக் கட்ட மூலத் தாங்கியைத் துளைக்காமல் தனித்தாங்கி செய்துகொள்ளலாம். திரும்பி வந்ததும் டிரம்மைத் திறந்து மணலைத் துடைத்தெடுங்கள். காற்றடித்து ஊத வேண்டாம். பழைய பிரேக் ஷூக்களில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.