நாற்பதைக் கடந்தபின் அரசுப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர்க்கு

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் தனியார் வேலையிலோ வீட்டுப் பொறுப்பிலோ பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஆசிரியப் பணியை நினைப்பவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வயதுதான். 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நேரடி நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் ஏனையோருக்கு 58 ஆகவும் உயர்த்தியபின் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனாலும் ஓய்வு வயது 60 என்பதால், முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் உங்கள் சான்றிதழ்களை வரிசையாக எடுத்துவைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை முறிந்திருந்தால், அதாவது பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றிருந்தால், அப்பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது. பி.காம். படித்தவர்கள் எம்.காம். முடித்த பிறகே ஆசிரியப் பயிற்சிப் பட்டமான பி.எட். சேர முடியும், மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கே விண்ணப்பிக்க முடியும். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் பட்டதாரிகளுக்கு ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கான பட்டதாரி ஆசிரியர் பணி திறந்திருக்கிறது.

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. தொலைநிலை பி.எட். எல்லோருக்கும் உரியதன்று, ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கே அது கிடைக்கும் என்பதால், விளம்பரங்களை நம்பிச் சேர்ந்துவிட வேண்டாம். சைதாப்பேட்டை அரசுக் கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால், திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ஒரே மெட்ரோ ரயிலில் சென்றுவரலாம். பகல் வேலையை விடவேண்டியிருக்கும் என்பதால், அந்த இரண்டு ஆண்டுகளுக்கான வீட்டுச் செலவை முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்வது இன்றியமையாதது.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். 2023இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி பி.எட். படித்தவர்கள் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தகுதியுடையவர்கள் அல்லர். அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். தகுதித் தேர்வில் 150 வினாக்கள்; அவற்றில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. தேர்ச்சிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றாலும் அது மட்டுமே வேலையைத் தராது. 2018ஆம் ஆண்டு அரசாணையின்படி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுதவேண்டும். அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு.

படிப்புக்குச் சமச்சீர்ப் பாடநூல்களையே முதன்மையாகக் கொள்ளுங்கள். குறிப்பேடுகள் அதற்கு அடுத்தவையே. சிறிய வீடுகளில் அமைதி கிடைப்பது அரிது. கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட, படிக்க இடவசதியுள்ள முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு பணியிடங்களில் முன்னுரிமை உண்டு. நடுவயதினர் படித்த பள்ளிகளில் சில இன்று மூடப்பட்டிருக்கலாம். பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்கக் காலமாகும். ஆகையால் தேர்வு அறிவிக்கை வரும்வரை காத்திராமல், படித்த ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் தமிழ்வழிச் சான்றிதழை இப்போதே கேட்டுப் பெறுங்கள்.